பூனை அடிக்கடி முக்குகிறதா? மலச்சிக்கல் என்று விட்டுவிடாதீர்கள்! வீட்டிலேயே சிறுநீரைக் கண்காணிப்பது எப்படி?

வீட்டுப் பூனை லிட்டர் பாக்ஸில் போய் உட்காருகிறது, முக்குகிறது, எழுந்து வருகிறது. ஐந்து நிமிடத்தில் திரும்பவும் அதே இடம், அதே முக்கல். பார்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது, "வயிறு கட்டிக்கிச்சு போல, நாளைக்குச் சரியாயிடும்".

அது ஆண் பூனையாக இருந்து, சிறுநீர் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால், அந்த "நாளைக்கு" ஆபத்தானது. சிறுநீர் வெளியேறும் குழாய் முழுசாக அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாட்களில் பூனையின் உயிரே போய்விடும். அதே நேரத்தில், முதல் நாளே கண்டுபிடித்துக் கொண்டுபோனால் பெரும்பாலான பூனைகளைக் காப்பாற்றிவிட முடியும்.

பெருநகரங்களில் இரவிலும் திறந்திருக்கும் செல்லப்பிராணி மருத்துவமனைகள் உண்டு. கடலூர் மாவட்டத்தின் மேல்பட்டாம்பாக்கம் போன்ற பேரூராட்சிகளில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. அதனால் இங்கே பூனையின் உயிர், வீட்டில் இருப்பவர் எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. எதை, எப்படிக் கவனிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

கணக்கிலேயே வராத பூனை

நாட்டின் 21-வது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபர் 25-ம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. மாடு, எருமை, ஆடு, பன்றி, ஒட்டகம், குதிரை, கழுதை, முயல், யானை, நாய் எனப் பட்டியல் நீளம். கோழி, வாத்துக்கும் கணக்கு உண்டு. தெருநாய்கூட எண்ணப்படுகிறது. ஆனால் பட்டியலில் பூனை இல்லை.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அரசின் கால்நடை மருத்துவ வசதிகள் இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் திட்டமிடப்படுகின்றன. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பது மத்திய அரசின் கணக்கு. அந்த ஒரு லட்சத்தில் பூனை சேராது.

மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம் இருப்பதால் மாட்டுக்கு முன்னுரிமை கொடுப்பதில் தவறில்லை. கிராமப்புறக் கால்நடை மருந்தகங்களின் அன்றாட வேலையும் சினை ஊசி, கோமாரி தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு நீக்கம் என்றுதான் போகும். பூனையின் சிறுநீர்க் குழாயில் செலுத்தும் மெல்லிய டியூப், பூனைக்கேற்ற மயக்க மருந்து, ஸ்கேன், உடனடி ரத்தப் பரிசோதனை ஆகியவை எல்லா இடத்திலும் இருக்கும் என எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு பக்கம், பூனை வளர்க்கும் விதமும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் எலி பிடிக்க ஒரு பூனை, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வரும், மற்ற நேரம் ஓட்டு மேலேயும் கொல்லையிலும் இருக்கும். இப்போது சின்ன ஊர்களிலும் பெர்சியன் பூனையைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குள்ளேயே வைத்து, பாக்கெட் தீவனம் போட்டு வளர்க்கிறார்கள். ஓடியாட இடம் குறைவு, உடம்பு எடை கூடுகிறது, தண்ணீர் குடிப்பதும் குறைவு. சிறுநீர்ப் பிரச்னைக்கு இவை எல்லாமே தோதான சூழல்.

பூனைக்கு ஏன் இந்தப் பிரச்னை?

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தில் வாழ்ந்த விலங்கு. அதற்குத் தேவையான தண்ணீரில் பெரும்பகுதி, பிடித்துத் தின்ற இரையிலிருந்தே கிடைத்துவிடும். அதனால் தாகம் எடுப்பது குறைவு. சிறுநீரகமும் தண்ணீரை வீணாக்காமல் சிறுநீரைக் கெட்டியாக்கி வெளியேற்றும்.

அந்த உடம்பு இன்றும் மாறவில்லை. எலியின் உடம்பிலோ மீனிலோ முக்கால் பங்கு தண்ணீர்தான். பாக்கெட்டில் வரும் உலர் தீவனத்தில் ஈரம் சுமார் 10 சதவீதம் மட்டுமே. மீதித் தண்ணீரைப் பூனை தானாகக் குடித்து ஈடுகட்ட வேண்டும். நிறைய பூனைகள் அந்த அளவுக்குக் குடிப்பதில்லை. சிறுநீர் மேலும் கெட்டியாகிறது, அதில் உப்புகள் படிகமாக வாய்ப்பு கூடுகிறது.

சிறுநீர்ப்பையைச் சுற்றி வரும் பிரச்னைகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி. நடுத்தர வயது வரையிலான பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு வருவது இதுதான். கிருமி இருக்காது, கல் இருக்காது. ஆனாலும் வலி, ரத்தம், அடிக்கடி போவது எல்லாம் இருக்கும். மன அழுத்தத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இரண்டாவது, கல். பூனைகளுக்கு ஸ்ட்ரூவைட், கால்சியம் ஆக்சலேட் என்ற இரண்டு வகைக் கற்கள்தான் அதிகம். ஸ்ட்ரூவைட் கல்லை அதற்கென்று உள்ள மருத்துவ உணவால் கரைக்க முடியும். ஆக்சலேட் கல் கரையாது, எடுத்துத்தான் ஆகவேண்டும். எந்தக் கல் என்று தெரியாமல் வீட்டு வைத்தியம் பார்ப்பது இதனால்தான் வீண்.

மூன்றாவது, கிருமித் தொற்று. மனிதர்களுக்குச் சிறுநீர்க் கடுப்பு என்றாலே தொற்றுதான் நினைவுக்கு வரும். இளம் பூனைகளில் அது குறைவு. பத்து வயதைத் தாண்டிய பூனைகளிலும், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ள பூனைகளிலும்தான் தொற்று அதிகம்.

நான்காவது, அடைப்பு. மேலே சொன்னவற்றின் விளைவாகச் சளி, செல்கள், படிகங்கள் சேர்ந்து தக்கை போல ஆகிவிடும். அல்லது ஒரு சிறு கல் வந்து குழாயில் சிக்கும். வீக்கத்தாலும் குழாய் இறுகலாம்.

ஆண் பூனைக்கு ஏன் நேரம் குறைவு?

பெண் பூனையின் சிறுநீர்க் குழாய் குட்டையானது, அகலமானது. ஆண் பூனைக்கு நீளம் அதிகம், நுனியில் மிகவும் குறுகல். மணல் துகள் அளவு பொருளே அடைக்கப் போதும். கருத்தடை செய்ததோ செய்யாததோ, ஆண் பூனை எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு.

அடைத்த பிறகு உடம்பில் நடப்பது இதுதான். சிறுநீர்ப்பை நிரம்பிக் கல் போல இறுகும். வெளியேற வழியில்லாததால் அழுத்தம் சிறுநீரகம் வரை ஏறும். கழிவுகள் ரத்தத்திலேயே தங்கும். அதில் மிக ஆபத்தானது பொட்டாசியம். ரத்தத்தில் அது கூடக்கூட இதயத் துடிப்பு தடுமாறும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும்.

முதல் சில மணி நேரம் பூனை முக்கும், கத்தும், அடிப்பகுதியை நக்கிக்கொண்டே இருக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை நிறுத்தும், வாந்தி எடுக்கும், மூலையில் போய்ப் படுத்துவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கத்தல் நின்றதும் "அப்பாடா, வலி குறைஞ்சிடுச்சு" என்று தோன்றும். உண்மையில் அது உடம்பு தளர்ந்துபோவதன் அடையாளம்.

சிகிச்சை என்னவென்றால், மயக்க மருந்து கொடுத்து டியூப் போட்டு அடைப்பை எடுப்பார்கள், டிரிப்ஸ் ஏற்றுவார்கள், சில நாட்கள் கண்காணிப்பில் வைப்பார்கள். சரியான பின்பும் முதல் சில வாரங்களில் திரும்ப அடைக்கும் வாய்ப்பு உண்டு. அடிக்கடி அடைத்தால் வழியை அகலமாக்கும் அறுவை சிகிச்சை செய்வார்கள்.

மலச்சிக்கலா, சிறுநீர் அடைப்பா? வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி?

பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் பூனை முக்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று பார்க்க வேண்டும்.

லிட்டர் பாக்ஸில் இன்றைக்குச் சிறுநீர்க் கட்டி இருக்கிறதா? இருந்தால் அது எந்த அளவு? ஈரமே இல்லை என்றால், மலம் போயிருக்கிறதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மலச்சிக்கல் என்றால் ஒரு நாள் பொறுக்கலாம். சிறுநீர் அடைப்பில் அந்த ஒரு நாள் கிடையாது.

வயிற்றை அமுக்கிப் பார்க்கவே கூடாது. நிரம்பி இறுகிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடும் ஆபத்து உண்டு. தொட்டுப் பார்த்துச் சொல்வது மருத்துவரின் வேலை.

தினமும் இரண்டு நிமிடம்: எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாப் பூனைக்கும் ஒரே கணக்கு கிடையாது. பொதுவாக, வளர்ந்த பூனை ஒரு நாளைக்கு 2 முதல் 4 முறை சிறுநீர் போகும். ஆனால் முக்கியமானது அந்தப் பூனையின் வழக்கம். ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒரு வாரம் கவனித்துக் குறித்து வைத்தால்தான், பின்னால் ஏற்படும் மாற்றம் கண்ணில் படும்.

எண்ணிக்கை: கட்டியாகும் வகை லிட்டர் மண் என்றால் வேலை சுலபம். காலையும் மாலையும் அள்ளும்போது கட்டிகளை எண்ணினால் போதும். ஆற்று மணலோ மரத்தூளோ போடும் வீடுகளில் மெல்லிய அடுக்காகப் போட்டு, அடியில் செய்தித்தாள் விரித்தால் எத்தனை இடத்தில் ஈரம் என்று தெரியும்.

அளவு: தினமும் எலுமிச்சை அளவுக்கு இரண்டு மூன்று கட்டி வரும் பூனை, திடீரென்று சுண்டைக்காய் அளவில் ஏழெட்டு வைத்தால் சிறுநீர்ப்பையில் எரிச்சல் என்று பொருள். கட்டி பெரிதாகிக்கொண்டே போனால் அது வேறு கதை, கீழே பார்க்கலாம்.

நிறம்: மஞ்சள் இயல்பு. இளஞ்சிவப்பு, சிவப்பு, காபி நிறம் இயல்பல்ல. சந்தேகம் இருந்தால் ஈரமான கட்டி மேல் வெள்ளை டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பார்த்தால் ரத்தம் தெரிந்துவிடும்.

நேரம்: வழக்கமாக அரை நிமிடத்தில் முடித்து மண்ணை மூடிவிட்டு ஓடும் பூனை, நெடுநேரம் குந்தியிருந்தால் கவனிக்க வேண்டும்.

இடம்: திடீரென்று பாத்ரூம் தரையிலோ, சிங்க்கிலோ, துணி மேலோ போனால் உடனே திட்ட வேண்டாம். லிட்டர் பாக்ஸில் போனால் வலிக்கிறது என்று அதை ஒதுக்கியிருக்கலாம். நின்றபடியே வாலைத் தூக்கிச் சுவரில் பீய்ச்சுவது வேறு, அது எல்லை குறிக்கும் பழக்கம். குந்திய நிலையில் சொட்டுச் சொட்டாகப் போவதுதான் நோயின் அடையாளம்.

இதை எழுதி வைக்கத் தனி ஆப் எதுவும் தேவையில்லை. சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில் "3, சரி" என்று எழுதினால் போதும். வீட்டில் யார் அள்ளினாலும் எழுதுவது என்று பழக்கிக்கொண்டால், ஒருவர் ஊருக்குப் போனாலும் கணக்கு தவறாது.

வெளியே சுற்றும் பூனை என்றால்?

மேல்பட்டாம்பாக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கொல்லையிலும் வயல்வரப்பிலும் போய்விட்டு வரும் பூனைகள்தான் அதிகம். அவற்றின் சிறுநீரை எண்ண முடியாது. இதற்கு ஒரு வழி, இரவு மட்டும் உள்ளே வைத்து ஒரு மண் தட்டு வைப்பது. பூனை தோண்டி மூடும் பழக்கம் உள்ளது என்பதால் மணலைக் கண்டால் சீக்கிரம் பழகிக்கொள்ளும். காலையில் தட்டில் ஈரம் இருந்தால் அன்றைக்குக் கவலையில்லை.

அதுவும் முடியாத வீடுகளில் நடத்தையைத்தான் நம்ப வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு வராதது, அடிப்பகுதியை ஓயாமல் நக்குவது, தூக்கும்போது கத்துவது, ஒளிந்துகொள்வது ஆகிய நான்கில் ஒன்று ஆண் பூனையிடம் தெரிந்தாலும் உடனே அறைக்குள் தட்டோடு வைத்துச் சில மணி நேரம் பார்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. கர்ப்பிணிகள் லிட்டர் பாக்ஸை அள்ள வேண்டாம். பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். அது வெளியே வந்த பிறகு தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், தினமும் அள்ளிவிடுவது வீட்டில் உள்ள எல்லோருக்கும் பாதுகாப்பு.

சிறுநீர் அதிகமாகப் போனாலும் கவனம்

குறைவாகப் போவது உடனடி ஆபத்து. அதிகமாகப் போவது மெதுவாக வரும் ஆபத்து. ஏழெட்டு வயதைத் தாண்டிய பூனைக்குக் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போனால் நாள்பட்ட சிறுநீரக நோய், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். வயதான பூனைகளை அதிகம் தாக்கும் நோய்களில் சிறுநீரக நோய் முக்கியமானது. பெர்சியன் வகையில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோயும் உண்டு, அதை ஸ்கேனில் பார்த்துவிடலாம்.

ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு கூடுவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் சுமார் முக்கால் பங்கு போயிருக்கும். ஆனால் தண்ணீர் அதிகம் குடிப்பதும் கட்டி பெரிதாவதும் வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு முன்பே தெரிய ஆரம்பிக்கலாம். ரத்தப் பரிசோதனை எடுக்கத் தூண்டுவதே அந்தக் கவனிப்புதான்.

4 கிலோ பூனைக்கு உணவில் உள்ள ஈரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் தண்ணீர் தேவை. அதுவே 400 மில்லிக்கு மேல் குடித்தால் இயல்பல்ல. அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்தால் தெரிந்துவிடும். கோடையில் கொஞ்சம் ஆவியாகும் என்பதால், பூனைக்கு எட்டாத இடத்தில் அதே மாதிரி ஒரு கிண்ணத்தில் அதே அளவு தண்ணீர் வைத்து அதில் குறைந்ததைக் கழித்துவிடலாம்.

எடையும் முக்கியம். மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்தால் பூனையின் எடை கிடைக்கும். 4 கிலோ பூனை 200 கிராம் குறைவது, 60 கிலோ ஆள் 3 கிலோ குறைவதற்குச் சமம்.

சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா? சர்க்கரை இருக்கிறதோ என்று சந்தேகப்பட அது நியாயமான காரணம்தான். ஆனால் எறும்பு வேறு காரணத்துக்காகவும் வரும், வராமலும் இருக்கும். பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

மெடிக்கல் ஷாப் ஸ்ட்ரிப் பயன்படுமா?

மனிதர்களுக்கான சிறுநீர் ஸ்ட்ரிப்பைப் பூனைக்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதில் சர்க்கரை, கீட்டோன், ரத்தம், பிஹெச் ஆகிய நான்கும் ஓரளவு உதவும். வெள்ளையணுக் கட்டம் பூனைகளுக்குப் பொய்யாகவே நிறம் மாறும். சிறுநீரின் அடர்த்தியைக் காட்டும் கட்டத்தையும் நம்ப முடியாது. அதனால் ஸ்ட்ரிப்பைப் பார்த்துத் தொற்று என்று முடிவு கட்டி, கடையில் ஆன்டிபயாடிக் வாங்குவது தவறு. முக்கிக்கொண்டிருக்கும் பூனையிடம் சாம்பிளுக்காகக் காத்திருப்பது அதைவிடத் தவறு.

வெளிநாடுகளில் இதற்கென்றே கருவிகள் வந்துவிட்டன. ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 2018-ல், பூனையின் எடை, சிறுநீர் அளவு, எத்தனை முறை போனது என்பதைக் கணக்கிட்டு செல்போனுக்கு அனுப்பும் கழிவுத் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறுநீர் பட்டால் நிறம் மாறும் லிட்டர் மண்ணும் விற்கப்படுகிறது. கவனித்துப் பார்த்தால், இந்தக் கருவி தரும் தகவலும் காலண்டர் தாளில் எழுதும் தகவலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மருத்துவர் சாம்பிள் கேட்டால், நன்றாகக் கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கூழாங்கல்லைச் சுத்தமான தட்டில் பரப்பி வைக்கலாம். அது சிறுநீரை உறிஞ்சாது. ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து மூடிய டப்பாவில் போட்டு, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நேரமானால் உள்ளே புதிதாகப் படிகங்கள் உருவாகி முடிவைக் குழப்பும். எடுத்த நேரத்தை டப்பா மேலே எழுதுவது நல்லது.

இதையெல்லாம் செய்யவே கூடாது

பாராசிட்டமால் கூடவே கூடாது. மனிதர்களுக்குச் சாதாரண மாத்திரையாக இருப்பது பூனைக்கு விஷம். அதை உடைத்துச் செயலிழக்க வைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அரை மாத்திரைகூட உயிரை எடுக்கும். மற்ற வலி மாத்திரைகளும் வேண்டாம்.

வாழைத்தண்டு சாறு, பார்லி கஞ்சி, சிறுநெருஞ்சி கஷாயம் எல்லாம் நம் வீடுகளில் கல்லடைப்புக்குக் கொடுப்பவை. அடைத்துக்கொண்ட பூனைக்கு வாயைத் திறந்து இவற்றை ஊற்றினால், வெளியேற வழியில்லாத பைக்குள் மேலும் நீர் சேரும். புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றையும் விட, கையில் இருக்கும் கொஞ்ச நேரமும் வீணாகும்.

கருவாடும் பால் சோறும்

கடலூர் பக்கம் பூனைச் சாப்பாடு என்றால் மீன் தலை, கருவாடு, பால் சோறுதான். மீனை வேகவைத்துக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதை மட்டுமே தினமும் கொடுத்தால் சத்து சரிவிகிதமாக இருக்காது. கருவாட்டில் உப்பு மிக அதிகம், வழக்கமான உணவாக வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் இருக்கும் தண்ணீரும் போய்விடும்.

தண்ணீரை உணவோடு சேர்ப்பதுதான் சுலபமான வழி. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் மீனோ கோழியோ வேகவைத்த தண்ணீரைச் சாப்பாட்டில் ஊற்றலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்பதால் குழம்பு மீன் வேண்டாம். உலர் தீவனம் கொடுக்கிறவர்கள் ஈர உணவையும் சேர்க்கலாம். அகலமான கிண்ணங்களில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றினால் பல பூனைகள் கூடுதலாகக் குடிக்கும்.

வெள்ளமும் வெடிச்சத்தமும்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து 1.6 லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது கடலூர் மாவட்ட மக்களுக்கு மறக்காது. அப்படியொரு நாளில் ஆட்களைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. பூனைக்கோ வீடு மாறுகிறது, மண் தட்டு இல்லை, புது இடம், புது மனிதர்கள். இந்த மாதிரி அழுத்தத்தில் சில பூனைகள் சிறுநீரை அடக்கிக்கொள்ளும், சிலவற்றுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி தூண்டப்படும்.

தீபாவளி வெடி, வீட்டில் கல்யாணம், புதிதாக வந்த இன்னொரு பூனை, வீடு மாறுதல் எல்லாமே இந்த வகைதான். அந்த நாட்களில்தான் கட்டியை எண்ண மறந்துபோகும். அந்த நாட்களில்தான் எண்ண வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, அமைதியான மூலையில் ஒரு தட்டு இருந்தாலே பூனைக்குப் பெரிய ஆறுதல். ஒன்றுக்கு மேல் பூனை உள்ள வீட்டில், பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு தட்டு கூடுதலாக இருப்பது நல்லது. மழைக்காலப் பையில் ஒரு பழைய பேசினும் ஒரு பை மணலும் சேர்த்து வைக்கலாம்.

அவசரத்துக்கு எங்கே போவது?

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி பகுதியில் இருப்பவர்களுக்குப் பகலில் அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையும் கடலூர், பண்ருட்டியில் உள்ள தனியார் மருத்துவர்களும் முதல் வாய்ப்பு. அடுத்து, புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனை. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல நாலு மணி நேரமாவது ஆகும்.

அவசரம் வந்த பிறகு தேடினால் நேரம் போய்விடும். பூனை நன்றாக இருக்கும்போதே மூன்று கேள்விகளை போனில் கேட்டு வைக்கலாம். "பூனைக்குச் சிறுநீர் அடைப்பு வந்தா டியூப் போடுவீங்களா? ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையும் யாராவது இருப்பாங்களா? இல்லன்னா எங்க அனுப்புவீங்க?" பதிலோடு அந்த எண்ணையும் காலண்டர் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடலாம். 1962-ஐ அழைத்து, தங்கள் பகுதிக்கு வண்டி எந்த நேரத்தில் வரும், பூனையைப் பார்ப்பார்களா என்பதையும் இப்போதே விசாரிக்கலாம்.

பூனையைக் கொண்டுபோக ஒரு கூடை அவசியம். காய்கறிக் கூடை இரண்டை வாயோடு வாய் வைத்துக் கட்டினாலும் போதும். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "ஆண் பூனை, கடைசியா ஒண்ணுக்குப் போனது இத்தனை மணிக்கு." அந்த ஒரு வரி இருந்தால் மருத்துவர் வரிசையைத் தாண்டி முதலில் பார்ப்பதற்கும் வாய்ப்பு அதிகம்.

அரசு என்ன செய்யலாம்?

பூனையையும் கணக்கெடுப்பில் சேர்ப்பது முதல் படி. எத்தனை பூனை என்று தெரிந்தால்தான் எந்த வட்டத்தில் என்ன வசதி தேவை என்று பேசவே முடியும். அதுவரைக்கும், மாவட்டத்துக்கு ஓரிடத்திலாவது இரவில் சிறுவிலங்குகளுக்கான அவசர சிகிச்சையும், பூனைக்கான டியூபும் மயக்க மருந்தும் இருப்பதை உறுதி செய்யலாம். எந்த இடம் என்பதை 1962 எண்ணில் கேட்டால் சொல்லும்படி வைத்தாலே பல பூனைகள் பிழைக்கும்.

அந்த ஏற்பாடு வரும்வரை வீட்டில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பூனை முக்குகிறது, தட்டு காய்ந்திருக்கிறது, அது ஆண் பூனை. இந்த மூன்றும் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே கூடையை எடுத்துவிட வேண்டும்.